குதிரைக்குக் கொடுத்த சாக்லெட் பால்

எனக்கு அப்போது எட்டு வயது. வாய்க்கு மட்டும் பதினெட்டு என்பார் அம்மா. அந்த வாயைத் திறக்கவிடாமல் அப்பா என்னை முந்திக்கொண்ட ஒரு காலையை நினைத்தால், இன்றும் எனக்கு முகம் சூடாகிவிடும்.

அப்பா ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சைஸாக இருந்தார். குதிரையைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, பயிற்சிக்கு நடத்திப்போவது எல்லாம் சைஸின் வேலை. லாயத்துக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அவர் பார்த்துக்கொண்ட செம்பழுப்புக் குதிரைக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். வாளியில் ஒரு தூசி கிடந்தாலும் தண்ணீரைத் தொடாது. "மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு பிகு பண்ண மாட்டாரு" என்று அம்மா கேலி செய்யப்போய், மாப்பிள்ளை என்பதே அதன் பெயராகிவிட்டது.

ஒரு பந்தயத்தில் மாப்பிள்ளையின் வலது முன்னங்கால் நரம்பு பாதி அறுந்துபோனது. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் முதலாளி. அப்பா கைகட்டி நின்று ஒரு வருஷம் தவணை கேட்டார். அதற்குள் மறுபடி ஓடினால் பிழைக்கும், ஓடாவிட்டால் ஊசி. அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து அப்பா வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தார். தினமும் மூன்று வேளை அந்தக் காலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவார், ஐஸ் வைப்பார், கட்டுப் போடுவார். அவருக்குத் தெரியாமல் அம்மா கட்டுக்குள் திருநீறு பூசிவிடுவார். கட்டைப் பிரித்த டாக்டர் இது என்ன பவுடர் என்று கேட்க, அப்பா சற்றும் அசராமல் "முருகன் பவுடர், டாக்டர்" என்றாராம்.

கால் தேறியது, ஆனால் மாப்பிள்ளை தீனியைத் தொடவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் நான் குவளையில் சாக்லெட் பாலோடு அதன் பக்கத்தில் நின்றேன். மூக்கை உள்ளே விட்டு ஒரே உறிஞ்சு! மிச்சத்தைத் தவிட்டில் ஊற்றிப் பிசைந்து வைத்தேன். வாளியை நக்கித் துடைத்துவிட்டது. அப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அதற்குப் பிறகு தினமும் எனக்கு ஒரு குவளை, மாப்பிள்ளைக்கு ஒரு குவளை.

பதினோராவது மாதம் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். அன்றே அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, இனிமே மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே குடுக்கக்கூடாது. சாக்லெட் கூடவே கூடாது, தெரியுதா?" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தேற்றிவிட்டது நான், பெயர் வாங்கப்போவது இவரா என்று எனக்கு வயிறு எரிந்தது. பந்தயத்தன்று காலை, அப்பா சேணம் எடுக்கப் போன நேரம் பார்த்து, மூன்று கரண்டி சாக்லெட் மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்துவிட்டேன். பலம் வேண்டாமா பாவம்!

மாப்பிள்ளை ஜெயித்தது. அரைத் தலை முன்னால். வேலியைப் பிடித்துக்கொண்டு அப்பா குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றுதான் பார்த்தேன். ஜெயித்த குதிரையின் மூத்திரத்தைச் சோதனைக்கு எடுப்பார்கள். அது மனசு வைக்க வேண்டுமே! அப்பா பக்கத்தில் நின்று விசிலடித்து விசிலடித்து வாய் வலிக்க வீட்டுக்கு வந்தார்.

மூன்று வாரம் கழித்து டை கட்டிய இரண்டு பேர் லாயத்துக்கு வந்தார்கள். சாக்லெட்டில் இருக்கும் ஒரு பொருள் பந்தயக் குதிரையின் உடம்பில் இருக்கவே கூடாதாம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குக் கேட்டது, குதிரைக்குச் சாக்லெட் கொடுத்தது யார் என்ற கேள்வி மட்டும்தான். ஜெயிக்க வைத்தது யார் என்று கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா என்னைப் பார்த்தார். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, "சாயா காசி, துவான்" என்றார். நான்தான் கொடுத்தேன், ஐயா.

பச்சைப் பொய்! பத்து நாள் அவரோடு பேசவில்லை. சாப்பிடும்போது அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினால் நான் எழுந்துவிடுவேன். ஜெயித்தது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சைஸ் வேலைக்கான அப்பாவின் லைசென்ஸ் போனது, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாப்பிள்ளையை மட்டும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிற குதிரைக்கு எதற்கு ஊசி? வேறொரு சைஸின் கையில் அது அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரிலா கண்ணு, நீதான் குடுத்தே. அப்பா பொய் சொல்லிட்டேன். கோவம் போச்சா?"

"அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்லணுமா?"

"சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன்மா" என்றார்.

மறுநாள் காலையில் லோரி வந்தது. சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். கிள்ளான் போய்ச் சேரும்வரை நான் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.