டாக்டரின் முதுகுக்குப் பின்னால்

எழுபதுகளில் மான்ட்ரியலில், செயின்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஓய்வுபெற்ற ஃபுட்பால் வீரர் ஒருவர் இருந்தார். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணியினர் மோதிச் சாய்க்கும் ஆட்டம். நான் டாக்டர் என்பதால், வாசலில் பனி அள்ளும்போதெல்லாம் அடிபட்ட கதைகளாகவே சொல்வார்.

"தலையில அடிபட்டா டீம் டாக்டர் ஓடி வந்து, ஆட்டத்துல எத்தனையாவது பாகம் நடக்குதுன்னு கேட்பார். எனக்கு எங்கே இருக்கேன்னே தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால நம்ம பசங்க விரலைக் காட்டுவாங்க. அதைப் பார்த்துச் சொல்லிட்டு மறுபடி இறங்கிடுவேன்! அந்த மனுஷன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை!"

இப்படியும் ஓர் அசடா என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் அவர் மனைவி அவரைக் கீழே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். தெருமுனைக் கடைக்குப் போனவர், திரும்பி வர வழி தெரியாமல் நின்றிருக்கிறார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. பிறகு முகம் மலர்ந்து, "மூணு!" என்றார்.

திரும்பினேன். என் நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி மூன்று விரல்களை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"சரியாத்தானே சொன்னார், டாக்டர்?" என்றார், அழுதுகொண்டே.

அந்த டீம் டாக்டர் அசடு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்திருந்தால் இவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் அவர் திரும்பவில்லை.

இன்றும் யாரிடமாவது அப்படியொரு கேள்வி கேட்கும்போது என் முதுகு கூசுகிறது.