லாரியில் வந்த மழை

மே பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மழை தொடங்கியது. வானத்தில் மேகம் இல்லை. மழைக்குச் சங்கச் செயலாளர் தண்ணீர் லாரி சொல்லியிருந்தார்.

முடிச்சூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறு சித்திரை பிறக்கும் முன்பே வற்றிவிட்டது. மழைநீர் சேகரிப்புக் குழி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் இன்னொரு கிணற்றுக்கு அனுமதி என்று நீர்வளத் துறை அதிகாரி சொல்லியிருந்தார். அனுமதி கிடைக்காவிட்டால் நாவலூருக்குக் குடிபோவதென்று அம்மா தீர்மானித்திருந்தாள். அங்கே தண்ணீர் லாரியாவது தவறாமல் வருமாம். பக்கத்துத் தாம்பரத்தில் படிக்கும் எனக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை.

குழியருகே நிற்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. தண்ணீர் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். பேச வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அதிகாரி என் பக்கத்தில் நின்று குழாயின் கீழ்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே மூன்றாம் தளத்து அக்காவின் குரல் கேட்டது. "வடாம் காயுது சார்! மே மாசத்துல மழை வராதுன்னு நம்பித்தானே பிழிஞ்சேன்?"

"சின்ன மழைதாம்மா, ஓரமா நகர்த்திக்கோங்க," என்றார் செயலாளர்.

குழாயில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. மாறாக, படிக்கட்டு வழியே தண்ணீர் வந்தது. அதன் பின்னால், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி செயலாளரும் வந்தார்.

"வந்துச்சாம்மா?"

இல்லையென்று தலையசைத்தேன்.

"படிக்கட்டுலதான் சேகரிக்கிறீங்களா சார்?" என்றார் அதிகாரி.

அப்போது மாடியிலிருந்து லாரி ஓட்டுநர் கத்தினார்: "சார், பைப்பு வாயில இன்னாவோ அடைச்சிகினு கீது!"

அவர் இழுத்துக் காட்டியது ஒரு தலையணை உறை.

"ஐயோ, அது நான் வெச்சது," என்றார் அக்கா, கைப்பிடிச் சுவரின் மேல் எட்டிப் பார்த்து. "கரப்பான்பூச்சி ஏறி வருதுன்னு. இங்க குடிவந்த புதுசுல."

அத்தனை ஆண்டு மழையும் தெருவுக்குத்தான் போயிருக்கிறது. இப்போது தண்ணீர் வடாமோடு சேர்ந்து குழிக்குள் பாய்ந்தது. நான் கையைத் தூக்கினேன். செயலாளர் கைதட்டினார்.

கீழே இறங்கி வந்த ஓட்டுநரிடம் அதிகாரி கேட்டார்: "தண்ணி எங்கப்பா புடிச்ச?"

"தோ, உங்க பின்னால காலி மனைல போர் கீதே, அங்கதான் சார். நாள் பூரா அங்கதான் லோடு அடிக்கிறோம்."

எல்லோரும் பின்மதிலைப் பார்த்தோம். எங்கள் கிணற்றுக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே அது மட்டுமே இருந்தது. எங்கள் காலடித் தண்ணீரை விலைக்கு வாங்கி, மாடிக்கு ஏற்றி, மழையென்று பெயரிட்டு, காலடிக்கே திருப்பி அனுப்பியிருந்தோம்.

"குழி வேலை செய்யுதுதானே சார்?" என்றார் செயலாளர் மெதுவாக.

"குழி செய்யுது. ஒரு மழைக்காலம் இது குடிக்கட்டும். போர் பத்தி அப்புறம் பேசலாம்."

மாலையில் அம்மா பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். வாசலில் செயலாளர், வாரம் ஒரு மழைக்கு வர முடியுமா என்று ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். புது வடாம் வெயிலில் கிடந்தது. துவைத்த தலையணை உறை மீண்டும் குழாய் வாயில் இருந்தது. அதை உருவிக் கொடியில் போட்டேன். கீழே வந்து, "ஒரு மழைக்காலம் பார்க்கலாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துப்போய்க் குழாய் வாயில் கவிழ்த்து, நகராதபடி மேலே ஒரு செங்கல்லை வைத்தேன்.