வால்வு பிடிக்க வந்தவர்

என் நாத்தனார் பிரேமலாவின் வாய்க்கு மட்டும் பயம் என்பதே கிடையாது. ஆனால் என் கணவர் மணியம் தன் கார் பட்டறையிலிருந்து பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் வைத்த நாளிலிருந்து, அவள் பின்கதவு வழியாகத்தான் வந்துபோனாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பாலோ தோட்டத்தில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு தெப்ரா பட்டணத்துக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டியவள் அவள். ஒரு நாள் மெஷின் தானாக இறங்கி இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பக்கத்து மெஷினில் நின்ற யோகேஸ்வரி அக்கா பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கியதால்தான் மீதிக் கை பிழைத்தது.

அதற்குப் பிறகு பிரேமலா வீட்டிலேயே எனாமல் நகை செய்யக் கற்றுக்கொண்டாள். செம்புத் தகட்டை வெட்டி, வண்ணப் பொடி தூவி, சின்ன மின்சார உலையில் சுட்டால் பொடி உருகிக் கண்ணாடியாகப் பிடித்துக்கொள்ளும். அவள் சுட்டெடுக்கும் மயில் நீலத்தைப் பார்த்தால் எனக்கே திருடத் தோன்றும்.

எங்கள் தெரு மீனலோசனி டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்குப் பெரிய பெரிய மாதுளை மொட்டுப் பதக்கங்கள் கேட்டபோதுதான் வம்பு வந்தது. அத்தனை பெரிய தட்டைத் தகடு உலையில் நெளிந்தது, எனாமல் வெடித்தது. உப்பலான தகடு நெளியாது. ஆனால் உப்ப வைக்கப் பிரஸ் வேண்டும்; அதற்காகத்தான் மணியம் அதைக் கொண்டுவந்தார். மொட்டு வடிவத்தில் துளை வெட்டிய தடித்த பிளாஸ்டிக் அச்சு, அதன்மேல் சுட்டு இளக்கிய செம்பு, அதற்கும் மேல் ரப்பர். ஜாக்கின் பிடியை மேலும் கீழும் அடித்தால் பிரஸ் இறங்கி, ரப்பர் செம்பைத் துளைக்குள் தள்ளும். இந்த வேலை தவறினால் உலையையே விற்றுவிடுவதாகப் பிரேமலா சொன்னாள். சொன்னால் செய்கிற ஆள்.

மணியம், "நான் அடிச்சித் தரேன்" என்று கிளம்பினார். லாரி பேரிங் கழற்றிப் பழகிய கை. வைத்த தகடெல்லாம் கிழிந்தது. செம்பு எந்த இடத்தில் போதும் என்கிறது என்பது ஜாக் அடிக்கிற கைக்குத் தெரிய வேண்டும். அது அவளுக்குத்தான் தெரியும்.

"யோகேஸ்வரி அக்கா பக்கத்துல நின்னா நான் அடிப்பேன் அண்ணி," என்றாள்.

அந்த அக்கா பொந்தியான் ஊருக்குக் குடிபோனதிலிருந்து எங்களோடு பேச்சே இல்லை. தீபாவளிக்கு அழைத்தால்கூடப் போனை எடுக்க மாட்டார். பெரிய மனுஷி என்று நான் வாயார வைததுண்டு. மணியம் நேரில் போய் நின்று, எப்படியோ காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் பிரேமலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிரஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது அந்த மெஷின் மாதிரி இல்லக்கா. நாம அடிச்சாதான் இறங்கும். இந்த வால்வ தொறந்தா அழுத்தம் போயிரும். நீங்க அத மட்டும் புடிச்சிக்கோங்க லா," என்றாள் பிரேமலா.

அக்கா வால்வைப் பிடித்தார்.

"அன்னிக்கு நான் லேட்டு பிரேமலா. கொஞ்சம் முந்தி அமுக்கியிருந்தா அந்த ரெண்டு விரலும் இருந்திருக்கும். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு உன் போன எடுக்கிறது?"

பிரேமலா தகட்டை அச்சில் வைத்து ஜாக்கை அடிக்கத் தொடங்கினாள். அவள் நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணை மட்டும் மூடவில்லை. பிடி கனத்துக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"தொறங்கக்கா."

அழுத்தம் இறங்கியது. செம்பு எங்கேயும் கிழியவில்லை. நடுவில் கொழுகொழுவென்று ஒரு மொட்டு எழும்பியிருந்தது. பிரேமலா அதை இடது கையால் எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் கண்ண மூடிட்டேன்க்கா. கையே போச்சுன்னுதான் நெனச்சேன். தொறந்து பாத்தா கை இருந்துச்சு. தெனமும் காலையில இந்தக் கையாலதான் மூஞ்சி கழுவுறேன். அப்ப உங்கள நெனைக்காம இருந்ததில்ல."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். பிறகு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீச்சருக்கு எத்தன மொட்டு வேணுமாம்?" என்று கேட்டபடி வால்வை மறுபடி இறுக்கினார்.