அழித்த சிரிப்பு

பேய் வர அமாவாசை வேண்டும், சுடுகாட்டு மரம் வேண்டும் என்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். போகட்டும். இது நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில். பார்த்தவள் வஜிஹா. இன்றைக்கும் மத்திகிரியில்தான் குடியிருக்கிறாள். கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல மாட்டாள்.

1997. பெங்களூர்க்காரர்களுக்காக அந்தக் கம்பெனியில் ஒரு போர்வீரன் விளையாட்டு தயாராகிக்கொண்டிருந்தது. நீலத் துணிக்கு முன்னால் ஒரு ஆளை நடக்க, ஓட, விழ வைத்து வீடியோ எடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தனித்தனி ஃப்ரேமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்தெடுப்பது வஜிஹாவின் வேலை. நிழல், துணி மடிப்பு, லைட்டின் பளபளப்பு... எதுவும் மிஞ்சக் கூடாது. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் நீலம்தான் தெரியும்.

வீரனாக நடித்தது கம்பெனி எலக்ட்ரீஷியன் கிருஷ்ணப்பன். தேன்கனிக்கோட்டைக்காரர், வாட்டசாட்டமான ஆள். சனிக்கிழமை வீரன் சாகிற காட்சியை எடுத்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். வலது கை முன்னால் நீண்டு கிடந்தது.

"சூப்பர்ணா," என்றார் கேமராமேன் ஃபக்ருதீன். சினிமா ஷூட்டிங்கில் எடுபிடியாக இருந்துவிட்டுக் கல்யாண வீடியோவுக்கு வந்தவர். "எந்திரிச்சு அப்படியே போயிடாதீங்க. செத்த மாதிரி நடிச்சா, கேமராவப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சிடணும். சினிமாவுல பெரிய பெரிய ஆளுங்களே இதச் செய்யாம வீட்டுக்குப் போக மாட்டாங்க."

"சிரிக்கலன்னா, பாய்?"

"சிரிச்சிடுங்கண்ணா. நமக்கு எதுக்கு வம்பு?"

"வீட்டுல தெனமும் பொணம் மாதிரிதான் கெடக்கறேன்னு எம் பொண்டாட்டி சொல்றா. அதுக்கெல்லாம் சிரிச்சா வாய் கோணிக்கும்," என்றார் கிருஷ்ணப்பன். ஆனாலும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

திங்கட்கிழமை. சூப்பர்வைசர் தங்கதுரை வஜிஹாவின் மானிட்டர் மேல் தட்டினார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வாட்சை வலது கையில் கட்டுவார். தட்டினால் ஸ்டீல் செயின் டக்... டக்... என்று பேசும்.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல சி.டி. போயாகணும். இன்னும் என்ன உருட்டுத?"

"டிஸ்க் ஃபுல் சார்."

"கடைசி பன்னெண்டு ஃப்ரேம் என்னது? சிரிச்சிக்கிட்டு நிக்கான்! செத்தவன் எந்திரிச்சு சிரிப்பானா? அந்தச் சவத்த அழிச்சித் தள்ளு."

"ஃபக்ருதீன் பாய் சொன்னாரு சார், அது இல்லாம..."

"பாயா உனக்குச் சம்பளம் குடுக்காரு?"

அழித்தாள். சனிக்கிழமை எடுத்த டேப்பின் மேலேயே காலையில் வேறு காட்சி எடுத்தாகிவிட்டது. அந்தச் சிரிப்பு இனி எங்கேயும் இல்லை. மிச்சம், சாகிற ஃப்ரேம்கள் முப்பத்தாறு.

மணி 2.05. கரண்ட் போனது.

ஏ.சி. அடங்கியது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும். மற்றவர்கள் காற்று வாங்க வெளியே போனார்கள். வஜிஹா மட்டும் நகரவில்லை.

கதவருகே கிருஷ்ணப்பன் தலையை நீட்டினார். தோளில் ஏணி. "ஜெனரேட்டர் எடுக்க மாட்டேங்குதும்மா. மேல வயர் லூஸு. பார்த்துட்டு வர்றேன்."

2.11. முப்பத்தாறாவது ஃப்ரேமை முடித்தாள்.

கீழே இன்னொன்று இருந்தது. முப்பத்தேழு.

திறந்தாள். அதே ஆள். அதே மாதிரி குப்புற. அதே நீட்டிய கை. ஆனால் நீலத் துணி இல்லை. சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தரை. படம் ஒரே இருட்டு. உடைகூடச் சரியாகத் தெரியவில்லை.

ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பழகிய கை தரையைத் துடைத்தது.

முப்பத்தெட்டு.

தரையில் ஒரு ஏணியின் கால்.

துடைத்தாள்.

பீப். பீப். பீப். சத்தத்தின் இடைவெளி குறைந்தது.

முப்பத்தொன்பது. ஓரத்தில் ஒரு டீசல் டிரம். கை மணிக்கட்டில் சின்னதாக ஒரு பளபளப்பு. பளபளப்பைத் துடைத்தாள். டிரம்முக்கு வந்தாள்...

கை நின்றது.

சிவப்புப் பெயின்ட். பக்கத்தில் ஒரு நசுங்கல்.

ஜெனரேட்டர் ஷெட் டிரம்.

அங்கே இப்போது... கிருஷ்ணப்பன்.

ஓடினாள். கேட் அருகே டீயும் கையுமாக ஃபக்ருதீன்.

"பாய்! கேமரா எடுங்க! சிரிப்ப அழிச்சிட்டேன்!"

அவர் கேமராவை எடுக்க ஓடினார். டீ கிளாஸ் அப்படியே தரையில்.

ஜெனரேட்டர் ஷெட்டில், ஏணி உச்சியில் கிருஷ்ணப்பன். உயிரோடு.

"இறங்குங்கண்ணா!"

"ஏம்மா, கரண்ட் வந்துடுச்சா?"

"அல்லா மேல ஆணை, இறங்குங்க! கேமராவப் பார்த்துச் சிரிங்க!"

இறங்கினார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றும் புரியாமல் சிரித்தார். மணி 2.19. வஜிஹாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பார்த்ததைச் சொன்னாள்.

"யாத்தே... இன்னிக்கு நான் ஏற மாட்டேன்," என்று ஏணியை விட்டு விலகினார் கிருஷ்ணப்பன்.

"எவன் ஏற மாட்டேங்கிறது?"

தங்கதுரை.

"ஒரு வயர மாட்ட இத்தன கூத்தா? அஞ்சு மணிக்கு பஸ்ஸுவே. தள்ளு."

"சார், வேணாம் சார்," என்றார் ஃபக்ருதீன். "ஏறித்தான் ஆகணும்னா ஒரு தடவ கேமராவப் பார்த்துச் சிரிச்சிட்டாவது..."

"நானா செத்த மாதிரி நடிச்சேன்? போவே!"

ஏறினார். வயரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

ஏணி வழுக்கியது.

க்ரீச்...

தொம்.

குப்புற. வலது கை முன்னால்.

விரல்கள் வெட்டி இழுத்தன. சிமெண்டுத் தரையில் செயின் பட்டது. டக்...

டக்...

அப்புறம் இல்லை.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். முப்பத்தாறு ஃப்ரேம்தான் இருந்தது. அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன, எங்கே போயின, யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒரு கவரைக் கொடுத்தாள். உள்ளே ஸ்டீல் செயின் வாட்ச். வஜிஹா அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கிருஷ்ணப்பண்ணா, உங்க வாட்ச் எங்க?"

"வாட்சா? நான் எங்கம்மா கட்டறேன்? கரண்ட் வேலை செய்யறவன். இந்த வேலைக்கு வந்ததுலருந்து கட்டினதே இல்ல."

முப்பத்தொன்பதாவது ஃப்ரேம். மணிக்கட்டில் பளபளப்பு.

லைட்டின் பளபளப்பு என்று நினைத்து, அவள்தான் அதைத் துடைத்திருந்தாள்.