மண்ணுக்கு மேல் நெல்

கல்மடைப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கிறாள் பாண்டிச்செல்வி. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். அவளும் கணவன் காளையும் சமயநல்லூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மேலத்தெருவிலும் சேர்த்தியில்லை, கீழத்தெருவிலும் இல்லை.

பேரூராட்சி நகராட்சி ஆனதும், சின்னமும் கொடியும் வரையும் வேலையை சேர்மன் மொக்கையன் அவளிடம் கொடுத்தார். "நீ ரெண்டு தெருவுக்கும் பொதுவான ஆளும்மா."

சின்னத்தில் கண்மாய் மடையை வரைந்தாள். அதில் பாயும் தண்ணீர்தான் இரண்டு தெரு வயலுக்கும் போகிறது. கொடியில் மேலே மஞ்சள், விளைந்த நெல்லுக்கு. கீழே சிவப்பு, செம்மண்ணுக்கு. நேரில் வந்து பார்த்த மொக்கையன், "செவப்ப மேல கொண்டு வாம்மா, எடுப்பா இருக்கும்" என்றார். முகூர்த்த நாள் நெருக்கடி. அவளும் யோசிக்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

நகராட்சிக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் அந்தப் படம் எப்படியோ வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மதியம் கீழத்தெரு ஆண்கள் கூட்டமாக வந்து கடையை மறித்து நின்றார்கள். பக்கத்து பேக்கரி ஷட்டர் இறங்கியது. காளை மதுரைக்கு சரக்கெடுக்கப் போயிருந்தான். அவள் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.

முன்னால் வந்தவர் முத்திருளன். போன வருஷத் திருவிழாச் சண்டையில் வெட்டுப்பட்ட அவருடைய தம்பி மகன் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். வெட்டிய மேலத்தெருக்காரர்கள் மணிக்கட்டில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"மேல செவப்பு, கீழ மஞ்சள். இது மேலத்தெருப் பயலுக கலருன்னு ஒனக்குத் தெரியாதாம்மா?"

"அண்ணே, செவப்பு மண்ணுக்குப் போட்டது. மஞ்சள் நெல்லுக்கு."

"நெல்லுக்கு மேலயா மண்ணு இருக்கும்?"

மொக்கையன் மேலத்தெருக்காரர். எடுப்பாக இருக்கும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யாரு மாத்தச் சொன்னது? அதை மட்டும் சொல்லு, நாங்க போயிர்றோம்" என்றார் முத்திருளன். பின்னாலிருந்த ஒருவன் கையில் உருட்டுக்கட்டை இருந்தது. மொக்கையன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இந்த நேரத்துக்கு அவர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். பேத்தி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

"யாரும் சொல்லலண்ணே. நான்தான் கவனிக்காம மாத்திப் போட்டுட்டேன்."

"பொய் சொல்ற."

"என் தப்புதான். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க. விடியறதுக்குள்ள நெல்ல மேல ஏத்தி வேற கொடி தச்சுத் தாரேன்."

யாரோ எறிந்த கல்லில் கடைக் கண்ணாடி உடைந்தது. முத்திருளன் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

அவள் மொக்கையனுக்கு போன் செய்தாள். "ஒங்க பேரச் சொல்லல. ஆனா நாளைக்கு இந்தக் கொடி ஏறுனா நானே சொல்லுவேன்." "மாத்திரும்மா" என்றார் அவர்.

திரும்பி வந்த காளை, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினான். "அந்தாளுக்காக நீ ஏன் பழிய ஏத்துக்கிட்ட?"

"அந்தாளுக்காக இல்ல" என்றாள். அவன் ஊசியில் நூல் கோத்து அவளிடம் கொடுத்தான்.

மறுநாள் மஞ்சளுக்குக் கீழே சிவப்போடு கொடி ஏறியது. மொக்கையன் நன்றியுரையில் அவள் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நகராட்சி வேலை எதுவும் அவள் கடைக்கு வரவுமில்லை. கவனமில்லாதவள் என்ற பேச்சு மட்டும் கொஞ்ச நாள் சுற்றியது.

அன்று கொடியேற்றம் முடிந்து கூட்டம் கலையும்போது முத்திருளன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நெசமாவே ஒன் தப்புதானா தாயி?"

"ஆமாண்ணே."

அவர் கொடியை அண்ணாந்து பார்த்தார். "சரி, நம்பிட்டேன்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தார்.