பத்துமியில் ஒரு அறை

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து இ-சேவை மையத்தில் இர்பானாவுக்கு வேலை. பட்டா மாறுதல், வில்லங்கம், வாரிசுச் சான்று என்று ஊரார் நிலமெல்லாம் அவள் கைவழியாகப் போகும். தன் பேரிலும் ஒரு வீடு இருப்பது, கணவன் வசீம் இறந்து ஆறு வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வசீம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் செய்தவன். நாற்பத்தோரு வயது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து வந்து கடையில் உட்கார்ந்தவன், அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டான்.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில் வீட்டோடு இருந்தபோது அவன் போனை அவள் அணைக்கவில்லை. ஒரு மத்தியானம் அது ஒலித்தது. ‘நம்ம வூடு’ என்று பேர் வைத்த கேமராவில் ஏதோ அசைகிறதாம். திறந்து பார்த்தாள். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், பெரிய சன்னல். சன்னலுக்கு வெளியே கடல். ஆளில்லாத அறையில் திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வேறு எவளுக்கோ எடுத்த வீடு என்றுதான் முதலில் நினைத்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் கொழுந்தன் சைபுதீன் வந்து அண்ணன் மெயிலைக் குடைந்து விஷயத்தைச் சொன்னான். வசீம் ஏழெட்டு வருஷமாகச் சிறுகச் சிறுக பிட்காயின் வாங்கிச் சேர்த்திருக்கிறான். விலை ஏறியதும், ஜார்ஜியா நாட்டில் பத்துமி என்ற ஊரில் கடலோரமாக ஒற்றை அறை வீடு பேசி, விலையைப் போனிலிருந்தே காயினாக அனுப்பியிருக்கிறான். பத்திரம் இர்பானா பேரில். மக்காவுக்கு உம்ரா போகவென்று அவளுக்கு எடுத்த பாஸ்போர்ட்டின் நகலை அதற்குக் கொடுத்திருக்கிறான். மிச்சமிருந்த காயினைத் திறக்கக் கடவுச்சொல் போலப் பன்னிரண்டு வார்த்தைகள் வேண்டுமாம். அவை எங்கேயும் கிடைக்கவில்லை.

கேமராவின் பழைய பதிவுகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் இரண்டு ஆட்கள் திரைச்சீலை மாட்டுகிறார்கள். கேமரா ஸ்பீக்கரிலிருந்து வசீம் குரல், உடைந்த இங்கிலீஷில் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்கிறது. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள். காலி அறையில் மறுபடி அந்தக் குரல்.

“இர்பானா, ஒனக்கு ஒண்ணு காட்றேன். கோவிச்சுக்காத.”

கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். திரும்பவும் முதலிலிருந்து சொன்னான்.

“பாரு. புடிச்சிருக்குதா?”

நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தான். அவன் இறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முந்தைய பதிவு அது.

அப்புறம் தினமும் அந்த அறையைத் திறந்து பார்த்தாள். இங்கே மக்ரிபு பாங்கு சொல்லி இருட்டிய பிறகும் அங்கே வெளிச்சம் இருக்கும். திரைச்சீலை ஆடுவது ஹீட்டர் காற்றில் என்றான் சைபுதீன். மாமியார் ரோஷன் பீ ஒரே ஒரு முறை அந்தப் பதிவைக் கேட்டார். “காலே வைக்காத வூட்ல எம்புள்ள கொரலு மட்டும் ஏன் நிக்குது?” என்றார். அதன்பின் போன் இருக்கும் பக்கமே வரவில்லை.

இத்தா முடிந்த மாதம், பத்துமி கட்டிடத்து மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. வாடகைக்கு ஒரு தம்பதி கேட்கிறார்கள். ஆள் குடிவந்தால் கேமரா இருக்கக் கூடாது. விற்றுவிடலாம் அண்ணி என்றான் சைபுதீன். இர்பானா வாடகைக்கே விடச் சொன்னாள்.

கேமராவைக் கழற்றும் அன்று, முதல் தடவையாக மைக் பொத்தானை அழுத்தினாள்.

“புடிச்சிருக்குதுங்க,” என்றாள்.

அவள் குரல் அந்த அறையில் மோதி, ஒரு நொடி கழித்து அவள் கையிலிருந்த போனிலேயே கேட்டது. மேனேஜரின் கை குறுக்கே வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

இப்போது வாடகை ஒழுங்காக வருகிறது. போன மாதம் மேனேஜர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார். தங்களுக்கு முன் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று குடியிருக்கும் பெண் கேட்கிறாளாம். ஏன் கேட்டாள் என்று எழுதவில்லை.

யாரும் இருந்ததில்லை என்று இர்பானா இ-சேவை மையத்துக் கணினியில் டைப் செய்தாள். வரிசையில் நின்றவர்கள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகும், அதை அனுப்பாமலே உட்கார்ந்திருந்தாள்.