வின்னி டோலனின் அலறல்

நியூயார்க்கில் ஒரு கொலை நாடகம் ஏழு வருஷம் ஓடியது. கதைக்காக ஓடியது என்று எழுதியவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். கதையில் ஒரு மண்ணும் கிடையாது. மூன்றாம் அங்கத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற அலறலுக்காகத்தான் ஜனம் வந்தது. அலறியவள் வின்னி டோலன். கதவை உடைப்பதற்குள் அவள் பின்படி வழியாக இறங்கிவிடுவாள். உள்ளே வேறொருத்தி பிணமாகக் கிடப்பாள். பிணத்துக்கு அழகு வேண்டுமாம். நான் அந்தக் கம்பெனியில் உடை தைத்தவள். பிணத்துக்கு வருஷத்துக்கு இரண்டு பட்டு கவுன் தைத்தேன். வின்னி தன் பழைய பாவாடையோடு வந்து அலறிவிட்டுப் போவாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோக்கனில் வின்னிக்கு ஓர் அக்கா, கேத்லீன். கறிக்கடைக்காரன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அவித்து, அண்டை வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தங்கையைச் சீண்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒரு தடவை நானும் அந்தச் சாப்பாட்டில் இருந்தேன்.

"நாடகக்காரி, நாடகக்காரின்னு ஏழு வருஷமா பீத்திக்கிறா. ரெண்டு தடவ டிக்கெட் வாங்கிப் போனேன். எங்கடி இருந்த நீ?"

"கதவுக்குப் பின்னாடி இருந்தேன்க்கா. கத்துனது நான்தான்."

"யார் கத்துனாலும் அப்படித்தான் இருக்கும். பூனைய மிதிச்சாக்கூட."

எல்லோரும் சிரித்தார்கள். வின்னியும் சிரித்தாள். வாய்தான் சிரித்தது.

1916-ல் அந்த நாடகத்தை சினிமாக்காரர்கள் வாங்கினார்கள். சினிமாவில் சத்தம் கிடையாது என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த காலம். ஃபோர்ட் லீயில் கண்ணாடிக் கூரை போட்டு ஸ்டுடியோ நடத்திய மகானுபாவர்களுக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது. அலறலுக்குப் பேர்போன நாடகத்தை வாங்கியதோடு நிற்காமல், அலறியவளையும் சேர்த்து வாங்கினார்கள். டைரக்டர் கிரிம்ஷா, "இந்த வாட்டி கேமராவ அறைக்குள்ள கொண்டு போறோம்மா. கதவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. படம் பூரா உன் மூஞ்சிதான்" என்றார். வின்னி அன்றே படகேறி ஹோபோக்கனுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அவசரக்காரி.

உடை வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்; படம் பிடித்த அன்று அவள் உடையைச் சரிசெய்ய நான் பக்கத்தில் நின்றேன். கேமராவுக்காக அவள் முகத்தில் மஞ்சள் பவுடரை அப்பினார்கள். கிரிம்ஷா கூம்புக் குழாயை வாயில் வைத்து "அலறு" என்று கத்தினார். அவள் அலறினாள். அடுத்த தட்டிக்கு அந்தப் பக்கம் காதல் காட்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். கிரிம்ஷா மட்டும் அசையவில்லை.

"கொட்டாவி விடுற மாதிரி இருக்கு. தொண்டையால இல்லம்மா, கண்ணால கத்து."

"கண்ணால எப்படிங்க கத்துறது?"

அவர் மறுபடி கேமராவைச் சுழற்றச் சொன்னார். பதினொரு தடவை எடுத்தார். பன்னிரண்டாவதற்கு அவளிடம் குரலே இல்லை. அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

ஹோபோக்கனில் படம் வந்த சனிக்கிழமை மதியக் காட்சிக்கு கேத்லீன் புதுத் தொப்பியோடு ஆறு பெண்களைக் கூட்டி வந்தாள். நடுவில் வின்னி. நான் பின்வரிசையில். திரையில் அந்தப் பூட்டிய கதவு வந்தது. ஊமைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கிற பியானோக்காரன் கட்டைகளைப் போட்டு அடித்தான். வின்னி முன்னால் சாய்ந்தாள். திரையில் ஒரு கறுப்பு அட்டை வந்தது: "உள்ளே ஓர் அலறல்!" அடுத்து பிணம். பட்டு கவுனில், அழகாக.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், முகம் பிறகு வருமோ என்று. துப்பறிகிறவன் உள்ளே வந்து குனிந்து ரத்தத்தைப் பார்க்கும்போது எழுந்து நின்று அலறினாள். கோபமா, பழக்கமா, எனக்குத் தெரியாது. ஏழு வருஷத்தில் அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. பியானோ நின்றது. விளக்கைப் போட்டார்கள். இருநூறு பேர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

டிக்கெட் கிழிக்கிறவன் ஓடிவந்து கேத்லீனிடம் கேட்டான்: "இவங்க உங்ககூட வந்தவங்களா?"

கேத்லீன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "யாருன்னே தெரியாதுப்பா."

வின்னி அவளை ஒரு தடவை பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள்.  கூடவே எழுந்து போயிருக்க வேண்டும். கொலைகாரன் யார் என்பது ஏழு வருஷமாகத் தெரிந்தவள்தான் நான். இருந்தும் விளக்கு அணைந்ததும், அவன் மாட்டுகிறானா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.